தாடைக்குக் கீழே சிவப்பு

காலை ஏழு மணிக்கு நிலையத்து விளக்கறைக் கதவைத் திறந்தவள் மகள்தான். அப்பா தரையில் கிடந்தார். பின்மண்டை இரும்பு மேசையின் முனையில் அடிபட்டிருந்தது. ரத்தம் காய்ந்து கறுத்துப்போயிருந்தது.

ஊரார் அவரை ‘வானத்துக்காரர்’ என்பார்கள். வெயிலோடு இறங்கும் புற ஊதாக் கதிரை அளக்கும் நிலையத்துக்கு அவர்தான் தலைவர். மகள் அங்கேயே ஆய்வாளர். கூரைமேல் இருக்கும் அளவுகருவி மருமகன் பொறுப்பு. பெரியவர் பாதி நாள் நிலையத்திலேயே படுத்துவிடுவார் என்பதால் முந்தின இரவு யாரும் தேடவில்லை.

எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். நடுவயதுப் பெண், அளந்து பேசுகிறவர்.

“கால் தடுக்கி விழுந்திருக்காரு மேடம்,” என்றார் ஏட்டு. “தனியாத்தான் இருந்திருக்காரு.”

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். பெரியவரின் கண்களில் கறுப்புப் பாதுகாப்புக் கண்ணாடி, பட்டை தலையைச் சுற்றி இறுக்கியிருந்தது. கைகளில் உறை. முழங்கால் உயரப் பலகைமேல் புற ஊதா விளக்கு அணைந்து ஆறிக் கிடந்தது. எதிரே, கூரையிலிருந்து கழற்றி வந்த அளவுகருவி. உடலை ஒட்டி ஒரு நாற்காலி. சுவர் ஆணியில் இன்னொரு கண்ணாடி, தூசி கலையாமல்.

“இந்த விளக்கு எதுக்கும்மா?”

“கருவியோட பார்வை நாளாக நாளாக மங்கிடும்,” என்றாள் மகள். “வருஷம் ஒரு தடவை இந்த விளக்குக்கு முன்னால வெச்சு, சரியாப் பாக்குதான்னு சோதிக்கணும். இந்த வருஷம் முடிச்சாச்சுன்னு என் வீட்டுக்காரர் சொன்னாரே... அப்பா எதுக்கு மறுபடி எடுத்தாருன்னு தெரியலை.”

மருமகன் பக்கத்து அறையில், திரைகளை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். இமைகள் வீங்கி, கண்ணீர் ஓயாமல் வழிந்தது. “பெத்த அப்பன் போனாக்கூட இப்படி அழ மாட்டாங்க,” என்று ஏட்டு உருகினார்.

“நேத்து சாயங்காலம் எங்க இருந்தீங்க?”

“நேரே வீட்டுக்குப் போயிட்டேன் மேடம்.”

“இடது கன்னம் ஏன் இப்படிச் சிவந்திருக்கு?”

“மத்தியானம் மேல வேலை இருந்துது. வெயில்.”

“திரையைத் திறக்கட்டுமா?”

“வேண்டாம்! தலை வலிக்குது.”

“கொஞ்சம் அண்ணாந்து பாருங்க.”

அவன் அண்ணாந்தான். இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் பேசினார். “உடனே உயிர் போகலை. மண்டைக்குள்ள மெல்ல மெல்லக் கசிஞ்சிருக்கு. அடிபட்டதும் கொண்டு வந்திருந்தா பிழைக்க வெச்சிருப்போம்.”

இன்ஸ்பெக்டர் மகளைத் தேடிப் போனார். “ஒரு கணக்குப் போட்டுத் தரணும்மா. அந்த விளக்கு எரியும்போது, அந்த நாற்காலியில ஒருத்தர் முகத்தை மூடாம உட்கார்ந்திருக்காரு. கன்னம் வெயில் பட்ட மாதிரி சிவக்க எவ்வளவு நேரம் ஆகும்?”

அவளுக்குப் பழகிய கணக்கு அது. நாடா வைத்துத் தூரத்தை அளந்தாள். விளக்கின் வீரியத்தை எழுதினாள், பெருக்கினாள், வகுத்தாள். அந்த நேரத்துக்கு மட்டும் துக்கம் விலகி நின்றது.

“முக்கால் மணி நேரமாவது...”

பேனா நின்றது. காலையில் கணவனின் கன்னத்தில் ஈரத்துணி போட்டுவிட்டது அவள் கைதான்.

“சூரியன் தலைக்கு மேல இருக்கும்மா,” என்றார் இன்ஸ்பெக்டர் தணிந்த குரலில். “நெத்தியையும் மூக்கையும்தான் சுடும். உங்க வீட்டுக்காரருக்குத் தாடைக்குக் கீழே சிவந்திருக்கு. வெளிச்சம் கீழேருந்து வந்திருக்கு. அந்தக் கண்ணும் அழுத கண் இல்லை, விளக்கு சுட்ட கண். எல்லாரும் அழுகைன்னு நெனச்சோம்.”

“அப்பா தனியா இருந்தார்னு...”

“விளக்கு எரியும்போதுதானே கண்ணாடி போடுவாரு? கண்ணாடியைக் கழட்டாமலே செத்திருக்காரு. அப்போ விளக்கை அணைச்சது யாரு?”

இருவரும் பக்கத்து அறைக்குப் போய்க் கேட்டபோது மருமகன் மறுக்கவில்லை. கண்களை மூடிக்கொண்டே பேசினான்.

“மூணு வருஷமா நான் கருவியைச் சோதிக்கவே இல்லை. அது குருடாகிட்டே வந்திருக்கு. கதிர் குறைஞ்சிருக்குன்னு நான் எழுதினதும் எல்லாரும் கொண்டாடினாங்க. வெளியில வேலை செய்றவங்களுக்கு இருந்த உச்சிவேளை ஓய்வைக்கூட எடுத்துட்டாங்க. அப்புறம் எந்த வாயால சொல்வேன்? மாமா கண்டுபிடிச்சுட்டாரு. நாளைக்கே ஊருக்குச் சொல்லணும்னாரு. போகவிடாம மறிச்சேன், தள்ளிட்டேன்...”

“தள்ளினது ஒரு நொடி,” என்றார் இன்ஸ்பெக்டர். “முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தீங்க.”

அவன் தலை கவிழ்ந்தது.

மகள் எழுந்து அவன் எதிரே வந்தாள். “அந்த முக்கால் மணி நேரமும் அப்பா என்ன செஞ்சாரு?”

“வேண்டாம்...”

“சொல்லுங்க.”

“பேச்சு குழறிச்சு. ‘வெறுங்கண்ணோட இருக்காதீங்க மாப்பிள்ளை, பார்வை போயிடும்’னு சொல்லிட்டே இருந்தாரு. பேச்சு நின்னதும்தான் எழுந்தேன்.”

அவள் அழவில்லை. ஏட்டு அவனை அழைத்துப் போனார். தடயங்கள் அத்தனையும் பொருந்தியிருந்தன. அதில் இன்ஸ்பெக்டருக்குத் துளியும் திருப்தி இல்லை. சொல்ல ஆறுதலும் இல்லை.

“கூட யாராவது இருக்கச் சொல்லட்டுமா?”

“யார் இருக்கா?” என்றாள் மகள்.

உச்சி வெயிலில் வெளியே வந்தாள். நிலையத்து வாசலில் சாலைக்குத் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தலையிலும் துணியில்லை. பாதிப் பேர் சட்டையைக் கழற்றி வைத்திருந்தார்கள். அவள் மேஸ்திரியிடம் போனாள்.

“எல்லாரையும் நிழலுக்குப் போகச் சொல்லுங்க. இந்த வெயில்ல நிக்கக் கூடாது.”

மேஸ்திரி சிரித்தார். அவர் காதோரத்தில் ஆறாத புண் ஒன்று கறுத்திருந்தது.

“என்னம்மா இப்படிச் சொல்றீங்க? பயமில்லைன்னு அளந்து சொன்னதே நீங்கதானே?”

“ஆமா,” என்றாள். “நாங்கதான்.”