உஷா எழுதாத குறிப்பு

நரேந்திரன் உண்மையைத் தெரிந்துகொள்ள வரவில்லை, ஒரு கையெழுத்தை வாங்கிப்போக வந்திருந்தார். ஆக்லாந்து நகரின் எல்லர்ஸ்லியில் வேதவள்ளியின் சின்ன அலுவலகத்தில், உட்காரச் சொல்வதற்கு முன்பே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்ட விதத்திலேயே கம்சாயினிக்கு அது விளங்கிவிட்டது.

"ரொம்ப சிம்பிளான விஷயம் மேடம். எங்க ஆப்ல ஒரு தப்பும் இல்லைன்னு நீங்க ரிப்போர்ட் கொடுக்கணும். தப்பு ஒரு பொம்பளை மேல. வெள்ளிக்கிழமை எங்க ஆபீஸ்ல அவ மேல விசாரணை."

வேதவள்ளி மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவர். இருபது வருடம் வங்கிகளின் கணினிப் பாதுகாப்பைச் சோதித்துவிட்டு, இப்போது தனியாக இத்தகைய வேலைகளை எடுத்துச் செய்கிறவர். யார் என்ன சொன்னாலும் முகம் மாறாது. அவருடைய உதவியாளர் கம்சாயினி யாழ்ப்பாணத்துக்காரி. அவள் முகத்தில் எல்லாம் தெரியும். இப்போது தெரிந்தது அருவருப்பு.

நரேந்திரனின் நிறுவனம் முதியவர்களின் வீடுகளுக்குப் பராமரிப்பாளர்களை அனுப்புகிறது. யார் எந்த வீட்டுக்கு எப்போது போக வேண்டும் என்பது ஓர் இணையச் செயலியில் இருக்கும். பராமரிப்பாளர் தன் கணக்கில் நுழைந்து அந்த வேலையை ஏற்க வேண்டும். போய்வந்த பிறகு குறிப்பு எழுத வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை, பாட்டனி டவுன்ஸில் தனியாக வாழும் அன்னம் என்ற எண்பத்திரண்டு வயது அம்மாள் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, பகல் ஒரு மணிக்கு மகன் ஜனார்த்தன் வந்து பார்க்கும்வரை ஈரத்தரையில் கிடந்தார். காலை எட்டு மணிக்கு வந்திருக்க வேண்டிய பராமரிப்பாளர் வரவில்லை. ஆனால் உஷா என்ற பராமரிப்பாளரின் பெயரில் ஒரு குறிப்பு மட்டும் இருந்தது.

நரேந்திரன் அச்செடுத்த தாளை நீட்டினார்.

"காலை 8 மணிக்கு வந்தேன். அம்மாவைக் குளிப்பாட்டி, பசியாற இட்லி கொடுத்து, மாத்திரையும் கொடுத்தேன். நலமாக இருக்கிறார்." பக்கத்தில் பதிவான நேரம்: ஞாயிறு, 02:05.

"பாத்தீங்களா? ராத்திரி ரெண்டு மணிக்குப் படுத்துக்கிட்டே மறுநாள் காலை வேலையைச் செஞ்சு முடிச்சிருக்கா!"

"உஷாவைக் கேட்டீங்களா?" என்றார் வேதவள்ளி.

"எதுக்கு? இல்லைன்னுதான் சொல்லுவா. அவ விசாவே எங்க வேலையை நம்பித்தான் இருக்கு." அதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். நல்ல பல்வரிசை.

"பாஸ்வர்ட் போட்டு நுழைஞ்சிருக்காங்களா?"

"இல்ல மேடம், புதுப் பொத்தான் வழியா." நரேந்திரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "போன வியாழக்கிழமை போட்டோம். சோஷியல் மீடியா அக்கவுண்ட் இருந்தா போதும், ஒரே தட்டு, உள்ளே. பாஸ்வர்டே ஞாபகம் வச்சுக்க வேண்டாம். என்னோட ஐடியா."

வேதவள்ளி தாளை இன்னொரு முறை படித்தார். "பாக்கிறேன்," என்றார்.

அன்று மாலையே இருவரும் மாசி என்ற புறநகருக்குப் போனார்கள். உஷா இன்னும் மூன்று பேரோடு ஒரு வாடகை வீட்டைப் பகிர்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம்.

"எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை போட்டிருக்கேல்லை அக்கா. சனிக்கிழமை வடிவாப் பார்த்தனான். திங்கட்கிழமை பார்த்தால் என்ர பேர் கிடக்கு. நான் ஏற்றுக்கொண்டதெண்டும் கிடக்கு."

"நீங்க எந்த சோஷியல் மீடியாவுல இருக்கீங்க?"

"ஒண்டிலயும் இல்லை. ஊரில அம்மாவோட வீடியோவில கதைக்கிறதோட சரி."

"உங்க ஈமெயிலைக் கொஞ்சம் காட்டுங்க. விளம்பரமா வந்ததையும் சேர்த்து."

பொருள் விற்கும் அஞ்சல்களுக்கு நடுவே, பிரபலமான ஒரு சமூக வலைத்தளத்திலிருந்து ஒன்று வந்திருந்தது. புதிய கணக்கு தொடங்கியதற்கு வாழ்த்து, இந்த முகவரி உங்களுடையதுதான் என்று உறுதி செய்ய இங்கே அழுத்துங்கள். வந்த நேரம் ஞாயிறு பிற்பகல் 3:01.

"விளம்பரமெண்டு விட்டிட்டன்," என்றாள் உஷா.

"அந்த நேரம் எங்க இருந்தீங்க?"

"ஆஸ்பத்திரியில. ஜனார்த்தன் அண்ணை போன் எடுத்துச் சொன்னவர். ரெண்டு மணியிலயிருந்து அன்னம்மாவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். அவரும் பக்கத்திலதான் நிண்டவர்."

காரில் ஏறியதும் கம்சாயினி பொரிந்தாள். "அக்கா, அந்த மனிசன்தான்! தன்ர கொம்பனியின்ர பேரைக் காப்பாற்ற அவரேதான் எழுதியிருக்கிறார்."

"நீ அவரை வெறுக்கிறே கம்சா. எனக்கும் பிடிக்கல. ஆனா அது தடயம் இல்ல."

மறுநாள் நரேந்திரனின் அலுவலகத்துக்குப் போனார்கள். செயலியை எழுதிய கோதண்டராமன் சென்னைக்காரர். காதில் மாட்டியிருந்த ஹெட்போனை ஒரு பக்கம் மட்டும் கழற்றிவிட்டுப் பேசினார்.

"சர்வர் எந்த ஊர் நேரத்தைப் பதியுது?" என்று கேட்டார் வேதவள்ளி.

"லண்டன். பொதுவா அப்படித்தான் வைப்போம்."

"உங்க முதலாளி அதை ஆக்லாந்து நேரம்னு நினைச்சுட்டிருக்காரே?"

"என்னை யாரும் கேக்கலையே." தோளைக் குலுக்கினார். ஒரு பெண்ணின் வாழ்க்கை தொலைந்துகொண்டிருக்கும்போது, கேட்டால் சொல்லலாம் என்று உட்கார்ந்திருந்த ஆள். கம்சாயினி தன் வெறுப்பில் ஒரு பங்கை அவருக்கும் ஒதுக்கினாள்.

"அந்தப் பொத்தானைப் போடும்போது எச்சரிக்கை ஏதாவது சொன்னீங்களா?"

"யார் வேணும்னாலும் அடுத்தவங்க ஈமெயிலைப் போட்டு சோஷியல் மீடியா தளத்துல கணக்கு தொடங்கலாம். அப்புறம் பொத்தானைத் தட்டினா, அந்த ஈமெயிலுக்குச் சொந்தக்காரரோட கணக்குக்குள்ள நம்ம ஆப் விட்டுடும். முகவரி உறுதியாகலைன்னு அந்தத் தளம் நமக்குச் சொல்லும். நம்ம ஆப் அதைப் படிச்சுத் தடுக்கணும். அதுக்கு ரெண்டு நாள் வேணும்னேன். 'எவன் வரப்போறான்'னு சார் அன்னைக்கே போடச் சொல்லிட்டார். அந்த ரூம்ல நாங்க ரெண்டு பேரும் திலகாவும்தான்."

திலகா மலேசியாவின் கிள்ளானிலிருந்து வந்தவர். எந்த வீட்டுக்கு யார் போவது என்று அட்டவணை போடுவது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை அலுவலகத் தொலைபேசியையும் அவர்தான் தனியாகப் பார்த்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "பாவம் லா, அந்த உஷா. நான் எவ்வளவோ சொன்னேன், சார் கேக்கல." இந்த இடத்தில் ஒருவருக்காவது மனம் இருக்கிறதே என்று கம்சாயினி ஆறுதல்பட்டாள்.

வெள்ளிக்கிழமை, விசாரணைக்கு ஒரு மணி நேரம் முன்பு, வேதவள்ளி எல்லோரையும் கூட்ட அறைக்கு அழைத்தார். உஷா கதவோரம் உட்கார்ந்திருந்தாள்.

"திலகா, பசியாறிட்டீங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

"ஆச்சு மேடம், வரும்போதே ரொட்டி சாப்பிட்டேன்."

"உஷா, நான் என்ன கேட்டேன்?"

"பசி அடங்கிட்டுதோ எண்டு?" உஷா தடுமாறினாள்.

"நீங்க சொல்லுங்க நரேந்திரன்."

"வயிறு நிறைஞ்சுதான்னு கேட்டீங்க. இதுக்கா கூப்பிட்டீங்க?"

வேதவள்ளி தாளை மேசையில் வைத்தார். "எங்க மலேசியாவுல பசியாறுறதுன்னா காலைச் சாப்பாடு சாப்பிடுறது. 'பசியாற இட்லி கொடுத்து'ன்னு படிச்சப்போ நீங்க எல்லாரும் வயிறு நிறைய கொடுத்ததா நினைச்சீங்க. நான் காலைச் சாப்பாட்டுக்கு இட்லின்னு படிச்சேன். உஷா எழுதியிருந்தா காலைச் சாப்பாடுன்னே எழுதியிருப்பாங்க."

வேதவள்ளி தாளில் பதிவான நேரத்தின்மேல் விரலை வைத்தார்.

"ஒரு சொல்லை வச்சு யாரையும் பிடிக்க முடியாது. நேரத்தைப் பாப்போம். ரெண்டு அஞ்சு லண்டன் நேரம். இப்போ நாம பதிமூணு மணி நேரம் முன்னாடி இருக்கோம். அப்போ குறிப்பு எழுதினது ஞாயிறு பிற்பகல் மூணு அஞ்சுக்கு. அதுக்கு நாலு நிமிஷம் முன்னாடிதான் உஷாவோட ஈமெயில்ல யாரோ கணக்கு தொடங்கியிருக்காங்க. அப்போ உஷா ஆஸ்பத்திரியில நின்னாங்க. புகார் கொடுத்த ஜனார்த்தனே அதுக்குச் சாட்சி. நேத்து அவரைக் கேட்டுட்டேன்."

"அப்ப ஆர்?" கம்சாயினியால் பொறுக்க முடியவில்லை.

"பொத்தானோட ஓட்டை தெரிஞ்சவங்க மூணு பேர். நரேந்திரன் இல்ல. மூணு மணிக்கு அவரே எழுதியிருந்தா, ராத்திரி ரெண்டு மணின்னு இந்தத் தாளை எங்கிட்ட நீட்டியிருக்க மாட்டார். தப்பா படிச்சதே அவருக்குச் சாதகமாப் போச்சு. கோதண்டராமனும் இல்ல. அவர் சர்வர் உள்ளயே போய் எதையும் மாத்தலாம், அவருக்குப் பொத்தான் எதுக்கு? மூணாவது ஆளால அட்டவணையில உஷா பேரைப் போட முடியும். ஆனா வேலையை ஏத்துக்கிட்டதா உஷா கணக்குலேருந்துதான் அழுத்த முடியும். அதுக்குத்தான் அந்தப் பொத்தான். அம்மா விழுந்துட்டாங்கன்னு ஜனார்த்தன் இங்க போன் பண்ணினப்போ எடுத்தது யாரு திலகா?"

திலகா மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பதினேழு வீடு மேடம். ஒரு ஆளே பாக்கணும். அன்னம் அம்மாவுக்கு ஆள் போட மறந்துட்டேன். வேலை போயிடும்னு பயந்துட்டேன்."

கம்சாயினி நேற்றுப் பட்ட ஆறுதலை நினைத்துக் கூசினாள். "மறந்ததை ஆரும் மன்னிப்பினம்," என்றாள். "விசாவுக்குப் பயந்து வாய் திறக்கமாட்டாளெண்டு பார்த்துத்தானே அவளின்ர பேரை எடுத்தனீங்கள்? பிறகு அவளுக்காகக் கண்ணீரும் விட்டனீங்கள்."

நரேந்திரன் மூச்சை விட்டுச் சட்டையைச் சரிசெய்தார். "அப்போ நான் சொன்னது சரிதானே மேடம்? தப்பு ஒரு பொம்பளை மேல. ஆப்ல இல்ல."

வேதவள்ளி அவரை முதன்முறையாக நேராகப் பார்த்தார். குரல் உயரவில்லை. "பூட்டு மாட்ட ரெண்டு நாள் கேட்டாங்க, நீங்க கொடுக்கல. ஒரே ஆள் தலையில பதினேழு வீட்டைக் கட்டினீங்க. நேரம் பாக்கத் தெரியாம ஒரு பொண்ணைக் குற்றவாளியாக்கினீங்க, அவங்களை ஒரு வார்த்தை கேக்கக்கூட இல்ல. என் ரிப்போர்ட் உங்களைப் பத்தித்தான் ஆரம்பிக்குது. திலகா ரெண்டாவது பக்கத்துல வர்றாங்க."

நரேந்திரன் உடனே உஷா பக்கம் திரும்பினார். குரலில் தேன். "உஷா, நீ திங்கக்கிழமை வேலைக்கு வந்துடும்மா. எதுவும் நடக்காத மாதிரி இருந்துக்கலாம்."

"நடந்தது," என்றாள் உஷா.

அவள் எழுந்து வந்தாள்.

"ஞாயிறு காலமை அன்னம்மாவிட்ட ஒருத்தரும் போகேல்லை. ஆள் அனுப்ப மறந்தது உங்கட கொம்பனி. நான்தான் போகாமல் விட்டனான் எண்டுதான் அந்த அண்ணை இன்னும் நினைச்சுக்கொண்டிருக்கிறார். முதல்ல அதைச் சொல்லுங்கோ."

தன் கைப்பேசியை அவர் முன்னால் மேசையில் வைத்தாள். ஜனார்த்தனின் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியையும் போட்டிருந்தாள். மூன்று முறை மணி அடித்தது. நரேந்திரன் வேதவள்ளியைப் பார்த்தார், கோதண்டராமனைப் பார்த்தார். யாரும் அவருக்கு உதவவில்லை.

"ஹலோ?" என்றது எதிர்முனை. "ஹலோ, யாரு?"

நரேந்திரன் வாயைத் திறப்பதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள்.