எர்த் வயர்

ஸ்பீக்கர் ஸ்விட்சைப் போட்டதும் டப்பென்று ட்ரிப்பர் விழுந்து மாடி முழுக்க இருண்டது. அதுகூடப் பரவாயில்லை, கரண்டு சமாச்சாரம். ஆனால் ஃபேன் சுற்றி ஓய்ந்து, ஏசியின் முனகல் அடங்கி, உரக்கடைக்கு மேலே இருக்கும் அந்த ரெக்கார்டிங் அறையில் மழைச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் இல்லாமல் போன பிறகும், ஸ்பீக்கரின் பச்சை லைட்டு மட்டும் அணையாமல் ஆரோக்கியதாஸைப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே கெபாசிட்டரில் மிச்சம் மீதி கரண்டு இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவன் சொல்லி முடித்த பிறகுதான் அது அணைந்தது.

"என்னண்ணே ஆச்சு?" என்றாள் சந்தனமேரி.

"ஒண்ணுமில்ல தங்கச்சி. சின்ன ஃபால்ட்டு."

பீட்டரின் மனைவி அவள். மழையில் நனைந்து வந்திருந்தாள். செருப்பைப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டதால் வெறுங்காலின் ஈரத்தடம் சிமெண்டுத் தரையில் வாசலிலிருந்து வரிசையாகக் கிடந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பாடும் அறையில்தான் போன மாதம் பீட்டர் மாதா பாட்டுப் பாடிக்கொண்டே, மைக்கைப் பிடித்தபடி விழுந்து செத்தான். மாரடைப்பு என்று ஊரே சொன்னது. எல்லாருக்கும் முந்திச் சொன்னவன் தாஸ்தான். நாளைக்கு முப்பதாம் நாள் பூசை. அதற்கு முன்னால் அவர் கடைசியாகப் பாடியதை ஒரு தடவை கேட்க வேண்டும் என்று புதுக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறாள்.

"ஹெட்போன்ல கேளேன்."

"காதுக்குள்ள வேணாம்ணே. அவரு இந்த ரூம்ல நிக்கிற மாதிரி கேக்கணும்."

வலது பக்க ஸ்பீக்கர் பழுதாகிப் பல நாளாகிறது, இருப்பது இது ஒன்றுதான். தாஸ் ட்ரிப்பரை ஏற்றிவிட்டு, ஆடியோ வயரைப் பிடுங்கிப் பார்த்தான். டப். வேறு சாக்கெட்டில் போட்டான். டப். வேறு பவர் கார்டு மாட்டினான். டப். பின்பக்க ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அது நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு தடவை இருட்டியபோதும் அந்தப் பச்சை லைட்டு முன்னைவிடக் கொஞ்சம் தாமதமாக அணைந்தது. எதிரொலி வராமலிருக்க மெத்தை ஒட்டிய சுவரிலிருந்து புழுக்க நாற்றமும், கீழே கடையின் யூரியா நெடியும், கூடவே ஏதோ கருகிய வாடையும் வந்தது. அது பீட்டர் விழுந்த அன்றைக்கு வந்த வாடை.

கோளாறு என்னவென்று அவனுக்குத் தெரியாதா என்ன? தேடுகிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். உள்ளே எங்கேயோ கரண்டு ஸ்பீக்கரின் தகட்டைத் தொடுகிறது. எர்த் இருப்பதால் ட்ரிப்பர் விழுகிறது. எர்த் இல்லாவிட்டால் விழாது, பாடும். ஆடியோ வயர் வழியாக மைக் வரைக்கும் கரண்டைச் சுமந்துகொண்டு பாடும்.

'உம்'மென்ற இரைச்சல் வந்தால் பிளக்கில் எர்த் பின்னை ஒடித்துவிடுவது மைக்செட்டுக்காரர்கள் எல்லாரும் செய்கிற வேலை. இந்த ஸ்பீக்கருக்கு அவனும் ஒடித்தான். பாவி, ஊரில் இத்தனை பேர் ஒடித்தும் அவன் ஒடித்ததுதான் ஆளைக் கொன்றது.

"கீழ டீக்கடையில வயர்மேன் திருப்பதி நின்னாருண்ணே. கூட்டியாரவா?"

"வேணாம்!"

அவள் திடுக்கிட்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? திருப்பதி தகட்டில் டெஸ்டரை வைத்தால் போதும், மாரடைப்பு பொய்யாகிவிடும்.

"நானே பாத்துட்டேன். ரெண்டு நிமிசம்."

ஸ்க்ரூடிரைவரை எடுத்து பிளக்கைத் திறந்தான். ஒரே ஒரு பாட்டு, யாரும் எதையும் தொடப்போவதில்லை, முடிந்ததும் ஸ்பீக்கரை உடைத்துக் குப்பையில் போட்டுவிடலாம். பச்சை நிற எர்த் வயரைக் கழற்றினான். பிளக்கை மூடிச் செருகினான்.

ட்ரிப்பர் விழவில்லை. இரைச்சலும் இல்லை. சுத்தமான அமைதி.

சந்தனமேரி கதவைத் திறந்துவைத்துவிட்டுப் பாடும் அறைக்குள் போய், பீட்டர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டாள். தாஸ் பாட்டை ஓடவிட்டான். பீட்டரின் குரல் வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள், கன்னத்தில் நீர் இறங்கியது. இரண்டாம் சரணத்தின் நடுவில் பாட்டு நின்றது. அதற்கு மேல் இருந்ததைத் தாஸ் அன்றைக்கே வெட்டி அழித்திருந்தான்.

ஆனால் ஸ்பீக்கர் நிற்கவில்லை.

மூச்சு. கனத்து, இழுத்து, தரையோடு தரையாக வருகிற மூச்சு.

"தாசு... டேய் தாசு..."

அப்புறம் காலடிச் சத்தம். பீட்டரை நோக்கிப் போகவில்லை அது. மேசைக்கடியில் போனது. கிர்ர். கிர்ர். பிளக்கில் ஸ்க்ரூ திருகுகிற சத்தம். ஒடிந்த பிளக்கை வெட்டி, புது பிளக் மாட்டி, மூன்று ஸ்க்ரூவும் இறுக்கிவிட்டுத்தான் அன்றைக்கு அவன் கீழே ஓடி ஆள் கூப்பிட்டான். அதுவரைக்கும் பீட்டருக்கு மூச்சு இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கண்ணைத் திறந்தாள்.

"உங்களத்தான கூப்புடுறாரு. ஏண்ணே நீங்க வரல?"

தாஸ் பிளக்கைப் பிடுங்கினான்.

மூச்சு நிற்கவில்லை.

"தாசு..."

"இந்தா இருக்கேங்க," என்று அழுதபடி அவள் மைக்கை நோக்கிக் கையை நீட்டினாள். "நான் இருக்கேன்."

"மேரி! மைக்கத் தொடாத! கரண்டு!"

கத்தியே விட்டான். ஒரு மாதமாக மறைத்தது ஒரு வார்த்தையில் வெளியே வந்து விழுந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் மாறியது. அவன் பக்கம் திரும்பினாள், கேட்க வாயைத் திறந்தாள்.

விரல் ஏற்கெனவே மைக்கில் இருந்தது.

திறந்த வாய் மூடவில்லை. விரல்கள் இறுகின. கணுவெல்லாம் வெளுத்தன. ஈரக்கால்கள் தரையில் அறைந்தமாதிரி நின்றன. கண் மட்டும் அவனை விட்டு விலகவில்லை.

பிளக் தாஸின் கையில் இருந்தது. மூன்று பின்னும் அவன் உள்ளங்கையில் குத்திக்கொண்டிருந்தன.

ஸ்பீக்கரில் இப்போது இரண்டு பேர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.