வந்துகொண்டே இருக்கிறவன்

மதியம் மூன்று மணிக்கு ஃபெர்மினின் குரல் மறுபடி கேட்டபோது, அது நேற்றைவிட மெதுவாக இருந்தது.

"நியேவெஸ்... வந்துட்டே... இருக்கேன்... கெட்டில் அடுப்புல வை."

வானியல் ஆய்வகத்து ஆன்டெனாவின் மின்கம்பியைச் சரிபார்க்கப் போன நியேவெஸின் புருஷன், சிலியின் அட்டகாமா பாலைவன மேட்டில் வண்டியோடு காணாமல் போய் இரண்டு வருடமாகிறது. வெறும் சவப்பெட்டியைத்தான் புதைத்தார்கள். பத்து நாளாக அவனுடைய அந்தக் கடைசி அழைப்பு வாக்கி-டாக்கியில் வருகிறது, ஒவ்வொரு நாளும் இன்னும் இழுபட்டு, இன்னும் தடித்து. கட்டுப்பாட்டு அறையில் இயந்திரங்களின் முனகலும் சூடேறிய தூசியின் வாடையும் அந்த உயரத்தில் மூச்சுக்காக மாட்டிய மூக்குக் குழாயில் ஆக்சிஜன் சீறுவதும்தான் எப்போதும் போல இருந்தன.

"உனக்குக் கேட்டுச்சா, ரொடால்ஃபோ?" என்றாள் நியேவெஸ்.

"வெறும் இரைச்சல்தான்," என்றார் சாந்தியாகோவிலிருந்து வந்த விஞ்ஞானி. அவர் திரையில் கருந்துளையின் ஒளிவளையம்.

"அதுக்குள்ள ஒருத்தன் விழுந்தா நமக்கு எப்படித் தெரியும்?"

"விழுந்து முடிக்கறதே தெரியாது. விளிம்புகிட்ட போகப் போக மெதுவாயிடுவான், செவந்துடுவான், அப்படியே நிக்கற மாதிரி இருப்பான். அவனுக்கு ஒரு நொடி, நமக்கு ஒரு ஆயுசு. ஏன், யாரத் தள்ளிவிடப் போற?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே, சரிவில், ஃபெர்மினின் அந்த வண்டி நின்றது. வெள்ளை வண்டி. இப்போது செங்கல் நிறம். சக்கரங்களில் கிளம்பிய புழுதி காற்றில் அப்படியே தொங்கியது.

ஆறு மணிக்குள் வீட்டுக்கு வந்து ஜடை பின்னுவதாக ஏழு வயது மகள் யானிராவிடம் சொல்லியிருந்தாள். ஐந்து நிமிடம்தானே என்று வாக்கி-டாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். அவளுடைய மலைநாட்டு ஐமாரா ஜனங்கள் நேற்றைப் பற்றிப் பேசினால் கையை முன்னால் நீட்டுவார்கள். நாளை என்றால் தோளுக்குப் பின்னால் காட்டுவார்கள். அவளுடைய நேற்று முழுவதும் அதோ, கண்ணெதிரே நின்றது. இரண்டு வருடமாக அழுத அழுகைக்கு இது போதும் என்றிருந்தது.

காற்று நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகம். அதே முகம். உயர்த்திய கை.

கையசைப்பு என்றுதான் நினைத்தாள். கிட்டே போனதும் தெரிந்தது. உள்ளங்கை அவளைத் திரும்பிப் போகச் சொன்னது. உதடுகள் மெல்லப் பிரிந்தன.

"வ... ரா... த..."

அவள் முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் அணைந்தது. எரிந்தது. அணைந்தது. பகல்களும் இரவுகளும். திரும்பிப் பார்க்கப் பயந்தாள். இடுப்பில் குரல் கேட்டது.

"அம்மா, ஆறு மணியாச்சு."

மூச்சு விடுவதற்குள் இன்னொன்று. குமரிப் பெண்ணின் குரல்.

"அம்மா, எனக்குக் கல்யாணம். எங்க இருக்க?"

அப்புறம் ஒரு கிழவி. பல் இல்லாத, நடுங்கும் குரல்.

"அம்மா... இன்னும் ஜடை பின்னாமத்தான் உக்காந்திருக்கேன்."

நியேவெஸ் பொத்தானை அழுத்தினாள்.

"யானிரா, கண்ணு, வந்துட்டே இருக்கேன்."

பதில் வரவில்லை. அவள் காலடியில் எழும்பிய புழுதி கீழே விழவும் இல்லை.