மூன்று நாள் சட்டை

நாய் வேண்டுமென்றால் மூன்று நாள் துவைக்காத சட்டையோடு வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை கோவை நாய்க் காப்பக வரிசையில் எல்லார் கையிலும் ஒரு பை, அதற்குள் வியர்வை நாறும் சட்டை. எனக்கு முன்னால் நின்றவர் தன் சட்டையில் கோழிக்குழம்பைத் தடவி வந்து மாட்டிக்கொண்டார். ஆசை யாரை விட்டது!

மனிதன் நாயைத் தேர்ந்தெடுத்த காலம் மலையேறிவிட்டது. இப்போது நாய்தான் சட்டையை மோந்து ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. அந்த வாசனை கிளப்பும் நினைவை அதன் கழுத்திலுள்ள நினைவுப்பட்டை, அதாவது மெமரி காலர், திரையில் காட்டும். பயம் தெரிந்தால் நமக்கு நாய் இல்லை. பிடித்திருந்தால் நாய் தன் காலால் திறந்த கூண்டின் வாசலைத் தாண்டி வர வேண்டும். அதுதான் அதன் கையெழுத்து.

"இரு, வந்துடறேன்" என்று எட்டு வயது மகள் நறுமுகையை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் படிவம் நிரப்பினேன். முன்பு நாய் வளர்த்தீர்களா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினேன். அவளுக்கும் அதையேதான் சொல்லியிருந்தேன்.

அலுவலர் சகாயமேரி என் சட்டையை ஒவ்வொரு கூண்டாக நீட்டிக்கொண்டு போனார். நாங்களும் பின்னால் போனோம். கடைசிக் கூண்டில் ஒரு கிழட்டு நாய் மோந்ததும் வாலால் தரையை அடித்தது. அந்த வால்நுனிச் சுருளைப் பார்த்துத்தான் அன்று நான் அதற்குப் பெயர் வைத்தேன். முறுக்கு!

"அதிசயமா இருக்குங்க சார். எட்டு வருஷமா யார் கூப்பிட்டாலும் இது வாசலத் தாண்டுனதில்லைங்க" என்றார் சகாயமேரி.

திரையில் நினைவு ஓடியது. நெடுஞ்சாலையோரக் கம்பம். பிஸ்கட் நீட்டும் கை. முகத்தைச் சட்டப்படி மறைத்திருந்தார்கள். பேச்சு எழுத்தாக வந்தது: 'இரு. வந்துடறேன்.' பிறகு தூரத்தில் போகும் கார். கீழே பட்டை தந்த தீர்ப்பு: பயமில்லை. கோபமில்லை. காத்திருக்கிறது.

"உங்க வாசன மாதிரியே எவனுக்கோ இருந்திருக்கு போல. படுபாவி!" என்றார் சகாயமேரி.

"யாருப்பா அது?" என்றாள் நறுமுகை.

"தெரியலம்மா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். நறுமுகை வயிற்றில் இருந்தபோது, குடிபோன அடுக்ககத்தில் நாய்க்கு அனுமதி இல்லை. முறுக்கைக் கம்பத்தடியில் விட்டுவந்ததற்கு அவ்வளவுதான் காரணம். அதை இப்போது எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது.

நறுமுகை மண்டியிட்டு, "வா, வா" என்று கெஞ்சினாள். நாய் நடுங்கிக்கொண்டே என்னைப் பார்த்தது. நகரவில்லை. நான் இருக்கச் சொல்லியிருந்தேனே! நான் வாயை மூடிக்கொண்டு போனால் அது சாகும்வரை அங்கேயே இருக்கும்.

"முறுக்கு, வாடா" என்றேன்.

ஒரே தாவலில் வந்து என் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. சகாயமேரி என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாய்க்குப் புகார் இல்லைன்னா சட்டப்படி நான் தடுக்க முடியாதுங்க. கூட்டிட்டுப் போங்க."

வழியெல்லாம் நறுமுகை பின்சீட்டில் முறுக்கைக் கட்டிக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் கேட்டாள்.

"அப்பா, இன்னிக்கு என்னையும் பெஞ்சுல 'இரு, வந்துடறேன்'னு சொன்னியே. அப்போ நெஜமா திரும்பி வர்றதுக்குத்தான் சொன்னியா?"