த்ரிதா சொன்ன ‘போ’

“அம்மா! அவ என்னைப் போன்னு சொல்லிட்டாம்மா!”

ஸ்வர்ணா கதவைத் தள்ளிய வேகத்தில், அவள் பூட்ஸில் ஒட்டியிருந்த பனி தரையெல்லாம் சிதறியது.

“யாருடி?” என்று தோசைத் திருப்பியோடு எட்டிப் பார்த்தாள் அம்மா ருக்மிணி.

“ரெண்டாவது மாடிக்குப் புதுசா வந்திருக்காளே, த்ரிதா. என்னோட ஸ்லெட்ல உட்கார்ந்து பனியில சறுக்க வர்றியான்னு கேட்டேன். வேகமா தலையை ஆட்டி ‘போ’ன்னுட்டா. அதுவும் தமிழ்ல!”

“யுகோஸ்லாவியாலேர்ந்து வந்த பொண்ணு தமிழ் பேசினாளாக்கும்?”

“சத்தியமா! அதையும் சிரிச்சுக்கிட்டே சொன்னாம்மா. அதுதான் எனக்குப் பொறுக்கல.”

“சரி சரி, முதல்ல பூட்ஸைக் கழட்டு. வீடு பூரா தண்ணி.”

அது 1986ஆம் ஆண்டு, ஜனவரி மாதம். நியூ ஜெர்சியில் பேட்டர்ஸன் நகருக்குப் பக்கத்தில், செங்கல் நிறத்தில் ஒரு நாலு மாடிக் கட்டடம். ஸ்வர்ணாவின் குடும்பம் மெட்ராஸிலிருந்து வந்து அதன் மூன்றாவது மாடியில் குடியேறி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அப்பா பத்மநாபன் இன்ஜினீயர்.

த்ரிதா வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. அவளுடைய மாமா பல வருஷங்களுக்கு முன்பே வேலை தேடி வந்து, பீட்ஸாக் கடை ஒன்றில் சேர்ந்தவர். இப்போது தங்கை குடும்பத்தையும் வரவழைத்துக்கொண்டார். மாமா, மாமி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள், த்ரிதா, அவள் அப்பா, அம்மா. இத்தனை பேருக்கும் இரண்டே அறைகள். த்ரிதா இரவில் குளியல் தொட்டிக்குள் மெத்தை போட்டுத் தூங்குகிறாள் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள்.

‘தொட்டியிலே தூங்கினா தூங்கட்டும்! என்னை எதுக்குப் போன்னு சொல்லணும்?’ என்று பொருமிக்கொண்டே தோசையைப் பிய்த்தாள் ஸ்வர்ணா.

சாப்பிட்டு முடித்துத் தபால் வந்திருக்கிறதா என்று பார்க்கக் கீழே இறங்கினாள். கடைசிப் படியில் யாரோ விசும்பும் சத்தம் கேட்டது.

த்ரிதாதான். முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

ஸ்வர்ணா அவளைத் தாண்டி இரண்டு அடி நடந்தாள். அதற்கு மேல் கால் வரவில்லை. திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்ன ஆச்சு?” என்று இங்கிலீஷில் கேட்டாள்.

த்ரிதாவின் இங்கிலீஷ் துண்டு துண்டாகத்தான் வந்தது. “அப்பா... வேலை இல்லை. மிஸ்டர் ஹார்ட்லி வேண்டாம் சொல்லிட்டார்.”

மிஸ்டர் ஹார்ட்லி அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரர். பனி தள்ளவும், ஹீட்டர், குழாய் எல்லாம் ரிப்பேர் பார்க்கவும் ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த ஆளுக்குச் சம்பளத்தோடு கீழ்த்தளத்தில் ஒரு வீடும் கிடைக்கும்.

“உங்க அப்பாவுக்கு அந்த வேலையெல்லாம் தெரியாதா?”

“நல்லா தெரியும்! அங்கே பெரிய ஃபேக்டரியில ஹீட்டர் வேலை. மிஸ்டர் ஹார்ட்லி கேட்டார், ஹீட்டர் தெரியுமா? அப்பா தெரியும் சொன்னார். பனி தள்ளுவியா? தள்ளுவேன் சொன்னார். அப்புறம் மிஸ்டர் ஹார்ட்லி, சாரி, வேற ஆள் பார்க்கிறேன் சொன்னார்!”

ஸ்வர்ணாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “தெரியும்னு இங்கிலீஷ்ல சொன்னாரா?”

த்ரிதா முகவாயை மேலே தூக்கி நாக்கால் ‘ட்ச்’ என்றாள். “யோ. பயம் வந்தா அப்பாவுக்கு இங்கிலீஷ் ஓடிப் போயிடும். தலையால சொன்னார்.”

“தலையாலயா? எப்படி?”

த்ரிதா தலையை இடமும் வலமுமாக வேகமாக ஆட்டிக் காட்டினாள். காலையில் ஸ்லெட்டுக்கு அழைத்தபோது ஆட்டினாளே, அதே ஆட்டல்!

ஸ்வர்ணா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “இரு, இரு. உன் பேர் த்ரிதாவா?”

இதென்ன கேள்வி என்பதுபோல் பார்த்துவிட்டு, த்ரிதா தலையை இடமும் வலமும் ஆட்டினாள். “போ.”

“நீ பொண்ணா?”

“போ.”

“நீ யானையா?”

த்ரிதாவின் அழுகை அப்படியே நின்றுவிட்டது. முகவாய் மேலே போனது. “யோ!”

ஸ்வர்ணா துள்ளி எழுந்தாள். “போன்னா ஆமாம்! யோன்னா இல்லை! உங்க ஊர்ல தலையாட்டறதும் அப்படியே எங்களுக்கு நேர் எதிர்! அப்போ காலையில என்னோட வர்றேன்னுதான் சொன்னியா?”

“ஆமாம். வெளியே நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன். நீ வரவே இல்லை.”

ஸ்வர்ணாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் அதற்கெல்லாம் இப்போது நேரம் இல்லை.

“மிஸ்டர் ஹார்ட்லி எங்கே?”

த்ரிதா வாசல் கதவின் கண்ணாடி வழியே வெளியே காட்டினாள். தெருவோரம் ஒரு பச்சைக் கார் புகை விட்டபடி நின்றது. மிஸ்டர் ஹார்ட்லி அதன் முன்கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் சுரண்டியாகிவிட்டது.

ஸ்வர்ணா ஓடினாள்.

“பூட்ஸ் போடாம எங்கடி ஓடற?” மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

காலில் ரப்பர் செருப்பு. நாலாவது அடியில் ஒரு செருப்பு பனிக்குள் புதைந்து போயிற்று. ஐந்தாவது அடியில் ஸ்வர்ணா சறுக்கி விழுந்து, உட்கார்ந்த நிலையிலேயே வழுக்கிப் போய் மிஸ்டர் ஹார்ட்லியின் காலடியில் வந்து சேர்ந்தாள்.

“அவர் எஸ்னுதான் சொன்னார்!” என்று கத்தினாள்.

“யார், பாப்பா?”

“த்ரிதாவோட அப்பா! நீங்க கேட்ட எல்லாத்துக்கும் எஸ். அவங்க ஊர்ல அப்படித் தலையாட்டினா எஸ்னு அர்த்தம்.”

“எஸ்ஸுக்கு யாராவது அப்படி ஆட்டுவாங்களா?” மிஸ்டர் ஹார்ட்லி மறுபடியும் சுரண்ட ஆரம்பித்தார். “எனக்கு நேரமாச்சு.”

ஸ்வர்ணாவின் கால் விரல்கள் மரத்துக்கொண்டு வந்தன. ஆனாலும் நகரவில்லை.

“மிஸ்டர் ஹார்ட்லி, எங்க அப்பா வீடு பார்க்க வந்தப்போ, பிடிச்சிருக்கான்னு கேட்டீங்களே. அவர் எப்படித் தலையாட்டினார்?”

சுரண்டும் கை நின்றது.

“உங்க அப்பாவா? இப்படியும் அப்படியும் சாய்ச்சார். கழுத்துல சுளுக்குன்னு நினைச்சேன்.”

“அது சுளுக்கு இல்லை. ரொம்பப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம்!”

மிஸ்டர் ஹார்ட்லி அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு கட்டடத்தைப் பார்த்தார்.

“ஒரே ஒரு தடவை திரும்பக் கேளுங்க. ப்ளீஸ்.”

அவர் காரின் இன்ஜினை அணைத்தார். பனிக்குள் கையை விட்டு அவளுடைய செருப்பைத் துழாவி எடுத்துக் கொடுத்துவிட்டு, முன்னால் நடந்தார்.

த்ரிதா அதற்குள் தன் அப்பா ரமிஸைக் கீழே இழுத்து வந்திருந்தாள். உயரமான மனிதர். தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் கசக்கிக்கொண்டு நின்றார்.

“ஹீட்டர் ரிப்பேர் தெரியுமா?” என்று மிஸ்டர் ஹார்ட்லி கேட்டார்.

தலை இடமும் வலமும் ஆடியது. “போ.”

“எஸ்!” என்று கத்தினாள் ஸ்வர்ணா.

“குழாய்?”

“போ.”

“எஸ்!” இந்தத் தடவை த்ரிதாவும் சேர்ந்து கத்தினாள்.

மிஸ்டர் ஹார்ட்லி தாடையைத் தடவினார். “ஏரோப்ளேன் ஓட்டத் தெரியுமா?”

ரமிஸின் கண்கள் உருண்டன. முகவாய் ஜிவ்வென்று மேலே போனது. “யோ! யோ!”

மிஸ்டர் ஹார்ட்லி வாய்விட்டுச் சிரித்தார். “அப்போ இவர் எல்லாத்துக்கும் எஸ் சொல்ற ஆள் இல்லை. வாங்க, ஹீட்டரைப் பார்க்கலாம்.”

இருவரும் நிலவறைக்கு இறங்கிப் போனார்கள். சிறுமிகள் படியில் காத்திருந்தார்கள். கீழே ஏதோ தட்டும் சத்தம். பிறகு ஒரு சத்தமும் இல்லை. த்ரிதா ஸ்வர்ணாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. முதலில் வந்தவர் மிஸ்டர் ஹார்ட்லி. அவர் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பின்னால் ரமிஸ் வந்தார். கையெல்லாம் கரி. அந்தக் கரிக் கையில், கட்டடத்துச் சாவிகள் எல்லாம் கோத்த பெரிய கொத்து கலகலத்தது!

த்ரிதா போட்ட கூச்சலில் நாலு மாடிக் கதவுகளும் திறந்துகொண்டன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கீழ்த்தள வீட்டுக்குக் குடிபோனார்கள். ஸ்வர்ணாவின் அப்பா மேஜையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார். அம்மா ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கேசரி கொண்டுவந்தாள். த்ரிதாவின் அம்மா கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுட்ட பெரிய ரொட்டியைச் சுடச்சுட வெட்டி எல்லோர் கையிலும் திணித்தாள். “இன்னொண்ணு வேணுமா?” என்று அவள் ஜாடையில் கேட்க, ஸ்வர்ணாவின் அப்பா வழக்கம்போலத் தலையைச் சாய்த்தார். அதை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் அவள் அவர் கையில் இரண்டு துண்டுகளை வைத்துவிட்டாள்.

“ஸ்வர்ணா, வா! வா!”

த்ரிதா அவளைக் கடைசி அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சின்ன அறை. ஒரே ஒரு ஜன்னல். மாமா எங்கோ பழைய சாமான் கடையில் பிடித்துவந்த இரும்புக் கட்டில் ஒன்று.

“என் ரூம்,” என்றாள் த்ரிதா. “என் கட்டில். எனக்கு மட்டும்!”

அவள் கட்டிலில் ஏறி ஒரு குதி குதித்தாள். ஸ்வர்ணாவும் ஏறினாள். இருவரும் கைகோத்துக்கொண்டு, தலைமுடி கூரையைத் தொடுமோ என்னும் உயரத்துக்குக் குதித்தார்கள்.

டமால்!

கட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இருவரும் உருண்டு சுவரோரம் போய் விழுந்து, எழுந்திருக்க முடியாமல் சிரித்தார்கள்.

ரமிஸ் வந்து எட்டிப் பார்த்தார். கருவிப் பெட்டியிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் நுழைந்தார். புது வீட்டில் அவர் பார்த்த முதல் ரிப்பேர் அதுதான்.