தாண்டிப் போன குங்குமம்

போன் அலறியது!

புனே, கோத்ரூட். நீலாம்பரி கேட்கரின் ஃப்ளாட். 'சுகலி கட்டா' என்கிற அவளுடைய யூட்யூப் வம்புச் சேனலில் சங்கராந்தி மஞ்சள் குங்குமம் நேரலை. அந்த ஊர்ச் சங்கராந்தி வழக்கப்படி கறுப்புப் புடவையில் ஐந்து சுமங்கலிகள். இரண்டு லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கத்தோடு சொல்கிறேன்... அதில் நானும் ஒருவன்.

அலறியது சீரியல் நடிகை ஷர்வரி தாம்லேயின் போன்.

எடுத்தாள். கேட்டாள். வீறிட்டாள்.

"ஓங்கார்...!"

அவள் கணவன் ஓங்கார், அதே கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில், தன் காருக்குள் பிணமாக! வாயோரம் நுரை. விஷம்!

நீலாம்பரி கேமராவைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தாள்.

"அழுகையா வருது ஃப்ரெண்ட்ஸ்... யாரும் போயிடாதீங்க!"

யார் போவார்கள்?

தீர்ப்பு உடனே வந்தது, கமென்ட்டில். 'பொண்டாட்டிதான் கொன்னுட்டா!' 'அவளைத் தூக்குல போடு!' ஒரு வருஷமாக ஷர்வரியின் படுக்கையறைச் சண்டைகளை நீலாம்பரி அப்பளம் மாதிரிப் பொரித்துப் பரிமாறியிருந்தாளே!

மறுநாள் காலை. போலீஸ் ஸ்டேஷன்.

வாசலில் செல்போன்களோடு கூட்டம். உள்ளே இன்ஸ்பெக்டர் வத்ஸலா ஜக்தாப். எதிரே இரண்டு பெண்கள்.

"மேடம், நான் கொல்லலை..." ஷர்வரி விம்மினாள். "வெளிய போனா கல்லால அடிப்பாங்க. எல்லாம் இவளால!"

"நான் கதைதான்டி சொன்னேன்," என்றாள் நீலாம்பரி. "கொலை பண்ணச் சொன்னேனா?"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க. படம் பாக்கலாம்."

வத்ஸலா மடிக்கணினியைத் திருப்பினாள். நேற்றைய நேரலை. போன் அலறுவதற்குக் கொஞ்சம் முன்பு.

திரையில் நீலாம்பரி, தட்டோடு வந்தாள். முதல் பெண்ணுக்கு மஞ்சள், குங்குமம், எள்ளுருண்டை. இரண்டாமவளுக்கும் அப்படியே. மூன்றாவதாக ஷர்வரி. குங்குமம் எடுத்த விரல் அவள் நெற்றிவரை போனது...

நின்றது!

திரும்பியது. எள்ளுருண்டையை மட்டும் கொடுத்துவிட்டு அடுத்தவளுக்குத் தாவியது!

நீலாம்பரியின் முகம் வெளிறியது.

"ம... மறந்துட்டேன் மேடம்."

"மறந்தவ கை நெத்தி வரைக்கும் போகாதும்மா. புருஷனை இழந்தவளுக்குக் குங்குமம் வெச்சா பாவம்னு விரல் தானா சுருங்கிடுச்சு. ஊருக்கே தெரியாத சாவு உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

நீலாம்பரி முந்தானை நுனியைத் திருகினாள்.

"விஷம் வைக்கும்போது வராத பாவபயம், குங்குமம் வைக்கும்போது வந்துடுச்சு! ரொம்ப ஆசாரம்!"

நீலாம்பரி உடைந்தாள்.

"ஆமா... நான்தான்! அவன் என்ன யோக்கியனா? பொண்டாட்டி அழறதை ஒளிஞ்சு படம் எடுத்து எனக்கு அனுப்பினதே அவன்தான்! இப்போ தனிச் சேனல் ஆரம்பிக்கப்போறேன், முதல் கதையே நீதான்னு மிரட்டினான். நேரலைக்கு முன்னாடி கார்ல உக்காந்து பேசினோம்... டீயில கலந்துட்டேன்."

ஷர்வரி கைகூப்பினாள். கண்ணீர் கொட்டியது.

"மேடம்... என் உயிரைக் காப்பாத்திட்டீங்க."

கிளம்ப எழுந்தாள். பாவம்!

"உக்காரும்மா," என்றாள் வத்ஸலா.

"ஏன் மேடம்?"

"நானும் இந்த ஊர்க்காரிதான். நிறைஞ்ச சபையில சுமங்கலியை விட்டுட்டுப் போனா என்ன நடக்கும்? எங்க அத்தையா இருந்தா தட்டு பறந்திருக்கும்! நீ என்ன பண்ணினே?"

படத்தை ஓடவிட்டாள்.

குங்குமம் தாண்டிப் போகிறது. ஷர்வரி சண்டை போடவில்லை. திடுக்கிடக்கூட இல்லை. ஒரே ஒரு கணம் கண்ணை மூடி... மெல்லச் சிரித்தாள். எள்ளுருண்டையை வாயில் போட்டுக்கொண்டாள்!

"காரியம் முடிஞ்சுதுன்னு உனக்குத் தகவல் வந்தது அப்போதான். இல்லையா?"

ஷர்வரியின் அழுகை, குழாயை மூடியதுபோல் நின்றது.

"என் அழுகையை வித்துத் தின்னான் மேடம்," என்றாள் அமைதியாக. "விஷத்தை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அப்பவே சொன்னேன், எல்லாருக்கும் வைக்கிற மாதிரி எனக்கும் வைடீன்னு..." நீலாம்பரி பக்கம் திரும்பினாள். "ஒரு பொட்டு வைக்கத் துப்பில்லையேடி உனக்கு!"

"விதவைக்கு எப்படிடி வைப்பேன்? தெய்வக் குத்தம்!" சீறிய நீலாம்பரி, சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "அதை விடு... நம்ம வீடியோ இப்போ நாற்பது லட்சம் பார்வையாளர்!"

வத்ஸலா விலங்கை எடுத்தாள்.

"ஜெயில்லயும் பார்வையாளர் உண்டும்மா... மாசத்துக்கு ரெண்டே ரெண்டு பேர்!"