வெண்ணெயில் ஒட்டிய கல்

காலை ஐந்தரைக்குப் படகிலிருந்த வழிச்சொல்லிக் கருவி வணக்கம் சொல்லி, காற்று, நீரோட்டம், மழை வாய்ப்பு எல்லாவற்றையும் ஒப்பித்தது. கடைசியில், “உங்கள் மூன்றாவது முயற்சிக்கு வாழ்த்துகள்” என்றது. கருவிக்குக் குத்திக்காட்டத் தெரியாது என்பார்கள். நான் நம்புவதில்லை.

படகில் நாங்கள் இருவர்: ஜெசிந்தாவாகிய நான், என் கணவரின் தங்கை பிரகாசி. ஒன்பது மீட்டர் பாய்மரப் படகு. ஸ்காட்லாந்தின் லோக் கார்வாவுக்குள் நுழைந்துகொண்டிருந்தோம். லோக் என்றால் மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்து கிடக்கும் நீண்ட கழி. இந்தக் கழிகளில் எஞ்சினுக்கு அனுமதி இல்லை.

கடல் ஏறி எங்கள் மன்னார்க் கரையை விழுங்கிப் பத்தொன்பது வருடமாகிறது. அன்றிலிருந்து மிதவை நகரம்தான். எந்தப் படிவத்திலும் முகவரிக் கட்டத்தில் ‘மிதவை 4417’ என்று எழுதுவோம். புதியவர்களுக்குத் தரை கொடுக்க உலகத்தில் இடமில்லை. ஸ்காட்லாந்தில் மட்டும் தண்ணீர் கொடுக்கிறார்கள். நங்கூரம் போட்டு, ஒரு வற்றத்திலிருந்து அடுத்த வற்றம் வரை, பன்னிரண்டரை மணி நேரம், இழுபடாமல் நிற்க வேண்டும். நின்றால் அந்த இடம் குடும்பத்துக்குச் சொந்தம். மூன்று முறை தவறினால் அப்புறம் விண்ணப்பிக்கவே முடியாது. மிதவையில் என் கணவரும் இரண்டு பிள்ளைகளும் காத்திருந்தார்கள்.

முதல் வருடம் தோற்றது எங்கள் தப்பு. மன்னார்க் கடல் முழம் ஏறி முழம் வற்றும். இங்கே ஐந்து மீட்டர் ஏறுகிறது. வற்றத்தில் ஆழம் பார்த்து, எங்கள் ஊர்க் கணக்கில் சங்கிலி விட்டோம். ஏறிய கடல் நங்கூரத்தைப் பிடுங்கிவிட்டது. இரண்டாம் வருடம் ஏற்றத்துக்குக் கணக்கிட்டே விட்டோம், அதுவும் வழிச்சொல்லி காட்டிய இடத்திலேயே. அப்படியும் படகு இழுத்துக்கொண்டு போனது. காரணம் தெரியவில்லை. என் கணவர் அடுத்த விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“சேற்றுத் தரை. சிறந்த பிடிப்பு. நங்கூரமிடுக” என்றது வழிச்சொல்லி, போன வருடம் காட்டிய அதே இடத்தில்.

பிரகாசி முன்னால் போய், கயிறு கட்டிய ஈயக்குண்டை எடுத்தாள். அதன் அடியில் ஒரு குழி உண்டு. அதில் எதையோ அப்பினாள்.

“ஏட்டி, அது இந்த வாரத்து வெண்ணெய்!”

“இருக்கட்டும் மைனி. ரொட்டிய வெறுசாத் தின்னுக்கிடலாம். தரையப் பாக்காம நங்கூரம் போட்டோம்னா எங்கப்பா கல்லறையில இருந்து எந்திரிச்சு வந்துருவாரு.”

தரையில் இருப்பது வெண்ணெயில் ஒட்டிக்கொண்டு வரும். குண்டு மேலே வந்தபோது கொஞ்சம் சேறும் கறுப்பாக ஒரு கல் துண்டும் ஒட்டியிருந்தன. பிரகாசி மோந்து பார்த்தாள். முகம் மாறியது.

“மைனி, தாரு. இது ரோடு!”

இன்னும் மூன்று முறை இறக்கினோம். அதே கல், அதே வாடை. பழைய வரைபடத்தில் இங்கே புல்வெளி. அந்தப் புல்வெளியில் பிற்பாடு யாரோ கார் நிறுத்த இடம் போட்டிருக்கிறார்கள். கடல் அதன்மேல் நான்கு விரல் சேற்றை விரித்திருக்கிறது. வழிச்சொல்லி அந்தச் சேற்றை மட்டும் பார்த்திருக்கிறது. போன வருடம் நாங்கள் தார் ரோட்டில் நங்கூரம் போட்டிருக்கிறோம்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

இருநூறு மீட்டர் மேற்கே தள்ளிப்போய் மறுபடி இறக்கினோம். வெண்ணெய் தெரியாத அளவுக்குக் கெட்டியான நீலக் களிமண் வந்தது.

“பரிந்துரைக்கு மாறான இடம். பொறுப்பு உங்களுடையது” என்று வழிச்சொல்லி மூன்று முறை எச்சரித்தது.

“எங்க பொறுப்புதான். வாய மூடு” என்றேன்.

காலை ஆறு மணி, வற்றம். இப்போது ஆழம் ஆறு மீட்டர், ஏற்றத்தில் பதினொன்று. நாற்பத்தைந்து மீட்டர் சங்கிலி விட்டோம். பாயைக் காற்றுக்கு எதிராகப் பிடித்துப் படகைப் பின்னால் தள்ளி, நங்கூரத்தைக் களிமண்ணில் ஊன்றவைத்தோம். பிறகு கணியம் பார்த்தோம். கரையில் ஒற்றை பைன் மரம், அதற்குப் பின்னால் மலைப்பிளவு. இரண்டும் ஒரே கோட்டில் நிற்கும்வரை படகு இழுபடவில்லை என்று அர்த்தம்.

பகல் பன்னிரண்டு மணிக்கு, கடல் முழுதாக ஏறியிருந்த நேரத்தில், மலையிலிருந்து காற்று இறங்கி அறைந்தது. படகு சாய்ந்தது. சங்கிலி விறைத்து முறுமுறுத்தது. மரம் பிளவை விட்டு விலகியது.

“போச்சுட்டி!” என்று கத்திவிட்டேன்.

“பொறுங்க மைனி. படகு ஆடுது, அவ்வளவுதான். திரும்பி வரும்.”

வந்தது. மரம் மெல்ல நகர்ந்து பிளவுக்கு நேராக நின்றது. காற்று நான்கு மணி நேரம் அடித்தது. ஒவ்வொரு முறையும் விலகிய மரம் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது.

மாலை ஆறரைக்கு, வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே, கழி அதிகாரி மோராக் துடுப்புப் படகில் வந்தாள். எங்கள் காதிலிருந்த மொழிமாற்றி அவள் பேச்சைச் செய்யுள் தமிழாக்கியது: “அம்மையீர், தங்கள் படகு அசைந்திலது!”

பிரகாசி என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். நான் அந்தக் கல்லை மோராக்கின் உள்ளங்கையில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். அவள் மோந்து பார்த்தாள். தன் பதிவேட்டைப் புரட்டினாள்.

“அவ்விடத்தில் தங்களைத் தவிரப் பதினொரு குடும்பங்கள் தோற்றன” என்றாள்.

“அத்தன பேரையும் திரும்பக் கூப்பிடுங்க. அது அவங்க தப்பு இல்ல” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவள் தலையசைத்து, அங்கேயே, எங்கள் கண் முன்னால், பதினொரு அழைப்புகளையும் அனுப்பினாள்.

பிறகு படிவத்தை நீட்டினாள். முதலில் நின்றவர்களே இடத்துக்குப் பெயர் வைக்கலாமாம்.

“வெண்ணெய்த்துறை” என்றாள் பிரகாசி, யோசிக்காமல்.

முகவரிக் கட்டத்தில் எண் இல்லாமல் ஓர் ஊர்ப்பெயரை எழுதினேன். நிமிர்ந்து பார்த்தேன். மரமும் பிளவும் நேராக நின்றன.